தீட்டிய கை எவருடையது?

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் மாணவரோடு அமர்ந்து, பழைய பறவைப் படமொன்றைக் காட்டினோம். சென்னை மாகாணத்தில் மருத்துவராய்ப் பணிபுரிந்த ஜெர்டன், 1843 முதல் 1847 வரை சென்னையிலே வெளியிட்ட நூலின் 50 வண்ணப் படங்களுள் ஒன்று அது. “வரைந்தவர் யார், ஐயா?” என்றான் ஒரு சிறுவன். “ஜெர்டன்” என்று சொல்ல வாயெடுத்தோம், நாணி நிறுத்தினோம்.

அந்நாளைய ஆய்வாளர் பறவையைச் சுடுவர், தோலுரித்துப் பஞ்சடைப்பர். ஒளியிழந்த கண், ஒடுங்கிய சிறகு! அத்தகைய உடலைப் பார்த்து, கிளையில் அமர்ந்து நோக்கும் உயிராகத் தீட்டுவது எளிதோ? ஜெர்டன் நூலில் அதைச் செய்தவர் பெரும்பாலும் இந்நாட்டு ஓவியரே. சேகரித்தவர் பெயரைப் பறவைகளே இன்றும் சுமக்கின்றன. உயிரூட்டியவர் பெயரை எத்தனை பேர் அறிவோம்?

ஜெர்டனின் உழைப்பைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஒருவர் புகழைப் பறித்து மற்றவருக்கு ஈவதன்று நீதி. அவரவர் பங்கை அவரவர்க்கு அளிப்பதே நீதி. அறிவு ஒருவர் தேடிய தனிச்சொத்தன்று. பல கைகள் சேர்த்த பொதுச்செல்வம்.

“நூல் ஜெர்டனுடையது, வரைந்தவர் நம் நாட்டு ஓவியராகவே இருக்கக்கூடும், அவர் பெயரை நாம் தேடவில்லை, தம்பி” என்றோம். அந்தக் குறையை ஒப்புக்கொண்டு, பெயரறியாக் கைக்கும் மதிப்பளிக்கக் கற்பிப்பதே கல்வி. மற்றது வெறும் மனப்பாடம்!