தலையசைப்பும் வாய்மையும்

கேளாத ஒன்றைக் கேட்டதாகக் காட்டிக்கொள்வது பொய்யாகுமா? இக்கேள்வி எனக்கு நூல்வழி வந்ததன்று. 51ஆம் வயதில் செவிப்புலன் குன்றத் தொடங்கி, மூன்றாண்டுக்குள் மனிதக் குரல் யாவும் தெளிவற்ற முனகலாகத் தேய்ந்துபோன ஒருவனை, நாள்தோறும் பலமுறை எதிர்கொள்ளும் கேள்வி இது.

நரம்புவழிச் செவித்திறன் இழப்பு என்றார் மருத்துவர். காதுக்குக் கருவி பொருத்திக்கொண்டேன். அது ஒலியைப் பெருக்கும், தெளிவைப் பெருக்குவதில்லை. சிற்றுண்டிச்சாலையில் தட்டு விழும் ஓசை இடியென எழும். எதிரே நிற்பவர் சொல்லோ பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து வருவது போல் வரும். எஞ்சியது கண் ஒன்றே. பேசுவோரின் உதட்டசைவைப் படிக்கப் பழகத் தொடங்கினேன். அதற்குத் தமிழில் பாடநூல் எதுவும் என் கைக்குக் கிட்டவில்லை. கண்ணாடி முன் நின்று சொற்களைச் சொல்லி என் வாயையே பார்ப்பேன். தொலைக்காட்சிச் செய்தியை ஒலியடக்கிவிட்டுப் பார்ப்பேன். இரவில் என் மனைவி எதிரே அமர்ந்து நாளிதழிலிருந்து சில வரிகளைக் குரலின்றி வாசிப்பார். நான் சொல்லும் விடைகளைக் கேட்டு அவர் சிரித்த நாள்களும் உண்டு. எழுந்து உள்ளே சென்றுவிட்ட நாள்களும் உண்டு.

பல்லாண்டு மாணவருக்கு நான் நடத்திய எழுத்துப் பிறப்பியல் அப்போதுதான் எனக்கே விளங்கிற்று. ஆசிரிய நண்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு உதடும் பொருந்தப் பிறப்பவை பகரமும் மகரமும். மேற்பல்லும் கீழுதடும் இயையப் பிறப்பது வகரம். இம்மூன்றும் கண்ணுக்குப் புலனாகும். நுனிநா பல்லின் அடியைத் தொடும் தகர நகரங்களை ஒளி நன்றாயிருந்தால் ஓரளவு காணலாம். ககரமும் ஙகரமும் டகரமும் ணகரமும் வாயின் உள்ளே நிகழ்ந்து முடிந்துவிடுகின்றன. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வல்லினம் ஒவ்வொன்றுக்கும் அதே இடத்தில் பிறக்கும் இனமான மெல்லினம் ஒன்று இருக்கிறது. மெல்லினத்துக்கு மூக்கு இடம் என்கிறது நன்னூல். அந்த மூக்கொலியைச் செவி அறியும், கண் அறியாது. எனவே பணமும் மணமும் எனக்கு ஒன்று. பாலையும் மாலையும் ஒன்று. அப்பாவும் அம்மாவும் ஒன்று.

உதட்டைப் படித்தல் என்று பெயரிட்டோமே தவிர, அதில் பெரும்பகுதி ஊகமே. பேசும் பொருள் இன்னதென்று முன்னரே தெரிந்தால் விடுபட்ட எழுத்துகளை மனம் நிரப்பிக்கொள்ளும். ஐம்பதாண்டு கேட்டுப் பழகிய தமிழ் என்னுள் இருப்பதனால் எனக்கு இது கைகூடுகிறது. பிறவியிலேயே செவியற்ற குழந்தைக்கு அத்தகைய முதல் ஏது? 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, செவியற்ற பிள்ளைகளுக்குச் சைகையை விலக்கி வாய்ப்பேச்சையே கற்பிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது எத்துணைக் கொடுமை என்பதை நான் இப்போது உணர்கிறேன். நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் உடற்பேறு குறைந்தோர் சட்டம் மலேசியச் சைகை மொழியை ஏற்றுக்கொண்டது நற்செயல்.

ஊகத்துக்கும் இடையூறுகள் பல. 2020இல் முகக்கவரி வந்தபோது ஊரே எனக்கு வாய்மூடிக்கொண்டது. வெற்றிலை மெல்லுபவர், பேசிக்கொண்டே திரும்பிக்கொள்பவர், அடர்ந்த மீசைக்காரர் எல்லாரும் எனக்குக் கடினப் பாடங்கள். எம் பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒருநாள் தம் மீசையை மேலுதடு தெரியக் கத்தரித்துக்கொண்டு வந்தார். காரணத்தை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நண்பகலுக்குள் கண்ணும் மனமும் களைத்துவிடும். அப்போதுதான் தலை தானே அசையத் தொடங்கும்.

தலையசைப்பு என்பது புன்னகையோடு கூடிய ஒரு ‘ஆமாம்’. எதிரே இருப்பவரை மறுமுறை சொல்ல வைக்கும் தொல்லை இல்லை, பேச்சும் தடைபடுவதில்லை. இது நாகரிகமேயன்றிப் பொய்யாகாது என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவி நன்றாயிருந்தும் கூட்டங்களில் எதையும் கேளாமல் தலையசைப்போர் நம்மில் எத்தனை பேர்! வள்ளுவரும் எனக்குத் துணை வந்தார். கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர் குறிப்பறிதலுக்கு இரண்டு வகுத்தாரன்றோ? வாய்மை அதிகாரத்திலோ, பிறர்க்குத் தீமை விளைக்காததே வாய்மையின் இலக்கணம் என்றார். என் தலையசைப்பால் யாருக்கு என்ன தீமை?

ஈராண்டுக்கு முன், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் தேர்ச்சி அறிக்கையோடு என் அறைக்கு வந்தான். அவ்வாண்டுதான் வேறு பள்ளியிலிருந்து மாறி வந்தவன். தந்தை லோரி ஓட்டுநர், பெரும்பாலும் வெளியூரில் இருப்பவர் என்பது மட்டும் என் நினைவில் இருந்தது. பெற்றோர் கையொப்பமிடும் இடம் வெறுமையாக இருக்கவே, காரணம் கேட்டேன். அவனுக்குப் பின்னால் சன்னல். வெளிச்சம் என் கண்ணில் விழ, அவன் முகம் நிழலாயிருந்தது. “அப்பா இல்லை, ஐயா” என்று அவன் சொன்னதாகப் படித்தேன். மேலும் ஏதோ சொன்னான். அது எனக்குப் பிடிபடவில்லை. புன்னகையோடு தலையசைத்து, “அதனாலென்ன, அம்மாவிடம் வாங்கி வா” என்றேன். அவனும் தலையசைத்துவிட்டுச் சென்றான்.

மறுநாள் வகுப்பாசிரியை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். முந்திய ஆண்டிறுதி விடுமுறையில் அவன் தாய் இறந்துவிட்டார். அவன் சொன்னது, “அம்மா இல்லை, ஐயா.”

பகரமும் மகரமும் மயங்கியது என் குற்றமன்று. அவன் மேலும் சொன்னது புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் புரிந்ததுபோல் தலையசைத்தேனே, குற்றம் அங்கே இருக்கிறது. வள்ளுவர் தந்த இலக்கணத்தை நான் எடுத்துக்கொண்டதும் பிழை. பொய் சொல்பவனுக்குத் தான் மறைப்பது இன்னதென்று தெரியும். அதனால் விளையும் தீமையை அவன் எடை போட இயலும். கேளாமல் தலையசைப்பவனுக்கோ எதற்குத் தலையசைத்தோம் என்பதே தெரியாது. தீமை இல்லை என்று அவன் எதை வைத்துச் சொல்வான்? இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என்னை அசைய வைத்தது நாகரிகம் மட்டுமன்று. செவிடன் என்று ஒரு சிறுவன்கூட எண்ணிவிடக் கூடாதே என்னும் நாணமுந்தான்.

அவன் தலையசைத்ததும் என்னை வருத்துகிறது. அவனுக்குச் செவி நன்றாகக் கேட்டது. தலைமையாசிரியரைத் திருத்தக் கூடாது என்று அவனுக்கு யார் கற்பித்தார்? நாம்தாம்.

அவனை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அடுத்த திங்கட்கிழமைச் சபைக்கூடலில், எனக்குச் செவி கேளாது என்பதை மாணவர் அனைவர்க்கும் கூறினேன். இப்போதெல்லாம் எவர் பேசினாலும் நான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லி, “சரிதானா?” என்று கேட்கிறேன். இதனால் பேச்சு நீள்கிறது. பெற்றோர் சிலர் சலித்துக்கொள்கின்றனர். மூன்றாம் முறை கேட்கும்போது, “ஒன்றுமில்லை, விடுங்கள் ஐயா” என்பார்கள். அதைப் படிப்பதில் மட்டும் எனக்குத் தடுமாற்றம் வருவதில்லை. அவ்வேளைகளில் தாளும் எழுதுகோலும் நீட்டுவேன். வாங்கி எழுதுவோரும் உண்டு; எழாமலே எழுந்தது போல் பாவனை காட்டி விடைபெறுவோரும் உண்டு. களைப்பு மிகுந்த சில பிற்பகல்களில் என் தலை இன்னமும் பழைய வழக்கப்படி அசைந்துவிடுகிறது.

அம்மாணவன் இப்போது ஆறாம் ஆண்டில் படிக்கிறான். என் அறைக்கு வந்தால் வாசலருகே நின்று பேசுவதில்லை. மேசையைச் சுற்றி வந்து, சன்னலை நோக்கி முகம் காட்டி நின்று, நான் நிமிரும்வரை காத்திருந்து பிறகுதான் வாய் திறக்கிறான்.