கலியாணச் செலவு யாருடைய செலவு?

தன் பொருளைத் தன் வீட்டுக் கலியாணத்தில் ஒருவன் மனம்போலச் செலவு செய்கிறான். அதைக் கேட்கப் பிறருக்கு உரிமை உண்டா? சிக்கனத்தைப் பற்றி யார் வாய் திறந்தாலும் நம்மவர் உடனே எழுப்பும் கேள்வி இதுவே. "அவர் பணம், அவர் செலவு, உமக்கேன் வயிற்றெரிச்சல்?" என்று சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்ததாகக் கருதப்படுகிறது. மேற்போக்காகப் பார்க்குமிடத்து இக்கூற்றில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். சற்று நின்று ஆராய்ந்தாலோ, கலியாணச் செலவு செய்தவனோடு நின்றுவிடும் செலவு அன்று என்பது விளங்கும்.

முதலில், திருமணத்துக்கு இன்றியமையாதது எது, நாமாகக் கூட்டிக்கொண்டது எது என்று பிரித்தறிதல் வேண்டும். சிங்கப்பூரில் 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனமும், மலேசியாவில் 1976-ல் இயற்றப்பட்டு 1982 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டமும், முஸ்லிம் அல்லாதார் மணத்துக்குக் கேட்பவை மிகச் சில. உரிய வயதடைந்த இருவரின் மனமார்ந்த சம்மதம், மணத்தை நடத்திவைக்க அதிகாரம் பெற்ற ஒருவர், இரண்டு சாட்சிகள், பதிவு: இவ்வளவே முக்கியமானவை. இவற்றின்மேல் பெற்றோர் ஆசியும், உற்றார் உறவினர் வாழ்த்தும், வந்தவர்க்கு வயிறார ஒருவேளை உணவும் சேர்ந்துவிட்டால் தமிழர் திருமணம் நிறைவு பெற்றுவிடுகிறது. மேடையை மூடும் இறக்குமதிப் பூக்களும், பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கும் அழைப்பிதழும், காலையில் ஒரு விழா போதாதென்று மாலையில் ஹோட்டலில் நடத்தும் மறு விருந்தும் இந்த வரிசையில் எங்கே வருகின்றன? அவை இல்லாவிடில் மணம் செல்லாது என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. கூறுவது "ஊர் என்ன சொல்லுமோ" என்னும் நம்முடைய அச்சம் ஒன்றே.

அவ்வச்சத்தின் விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒரு தொழிலாளி தன் மகள் கலியாணத்துக்கு 20,400 வெள்ளி செலவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அது அவனுடைய பன்னிரண்டு மாத முழுச் சம்பளமாகும். மாதம் 300 வெள்ளி மிச்சம் பிடிக்கக்கூடியவனாயினும், அத்தொகையைச் சேர்க்க 68 மாதங்கள், அதாவது ஐந்து ஆண்டும் எட்டு மாதமும் செல்லும். கடனாக வாங்கிச் செலவிட்டால் வட்டி வேறு. பேரப்பிள்ளை பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின்னரும், அப்பிள்ளையின் தாய் தந்தையர் கலியாணத்தில் பிறர் உண்டு கைகழுவிய விருந்துக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்தை என்னென்பது?

விருந்துண்டவர் ஒருவர், கடன் கட்டுகிறவர் வேறொருவர். எவ்வளவு செலவு செய்வது என்று தீர்மானிப்பவர்களோ பெரும்பாலும் மாமனும் அத்தையும் பக்கத்து வீட்டாருமே. தீர்மானத்தில் வாய் திறக்காத மணமக்களும், அடுத்துப் படிக்க வேண்டிய தங்கையும் தம்பியுமே அதன் பாரத்தைச் சுமக்கிறார்கள். மலேசியாவில் 2024 மே மாதம் முதல், ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்களின் ஊழியர் சேமநிதியில் புதிதாகச் சேரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு, வேண்டியபோது எடுக்கத்தக்க தனிக் கணக்கில் வைக்கப்படுகிறது. அவசரத்துக்கு உதவக்கூடிய அவ்வசதியும் மேடை அலங்காரத்துக்குக் கரைந்துபோனால், மறுநாள் வீட்டில் ஒருவர் நோயில் விழும்போது எங்கே கை நீட்டுவது? ஒருவருடைய பெருமைக்காக, கேட்கப்படாத மற்றொருவர் வருங்காலத்தை அடகு வைப்பது தாராள குணமாகுமா? அதைத் தாராளம் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு என்போம்.

இங்கே ஒரு மறுப்பு எழுகிறது. அஃது எளிதில் தள்ளத்தக்கது அன்று. பல தலைமுறையாகத் தோட்டத்து லயங்களில் வாழ்ந்து, விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, கங்காணிக்கும் கிராணிக்கும் துரைக்கும் பணிந்து நின்ற நம் முன்னோர்க்கு, தம்மை மதிப்புள்ள மனிதராகப் பிறர் காணும் நாள் அரிதாகவே வாய்த்தது. மகன் மகள் கலியாணத்தன்றுதான் அவர் வாசலில் பந்தல் எழுந்தது. நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள். "வாருங்கள், அமருங்கள், சாப்பிடுங்கள்" என்று சொல்லும் நிலையில் அவர் தலைநிமிர்ந்து நின்றார். அந்த ஒருநாள் கௌரவத்தையும் சிக்கனத்தின் பேரால் பறிப்பது தருமமா என்று கேட்கிறார்கள்.

தருமம் அன்று என்றே நாமும் சொல்வோம். ஆயினும் அந்தக் கௌரவம் எதனால் வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பந்தற்கால் நட்டவர்கள் உடன் வேலை செய்தவர்கள். காய் நறுக்கிச் சமைத்தவர்கள் லயத்துப் பெண்கள். தோரணம் கட்டி இலை போட்டவர்கள் அவ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய பிள்ளைகள். அவருக்கு மதிப்புத் தந்தது அவருக்காகக் கூடிய கைகளே. தோட்டம் விட்டுப் பட்டணத்துக்கு வந்த நாம், அதே மதிப்பை மண்டபக்காரரிடமும் அலங்காரக்காரரிடமும் தவணைக்கு வாங்கப் பார்க்கிறோம். அவ்வாறு வாங்கிய மதிப்பு, வாடகை நேரம் முடிந்ததும் அவர்களுடைய சாமான்களோடு வண்டி ஏறிவிடுகிறது.

"மொய் வரும், அதைக் கொண்டு அடைத்துவிடலாம்" என்று துணிகிறவரும் உளர். மொய் வருமானம் அன்று. ஒரு வீட்டின் சுமையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ள ஏற்பட்ட கைம்மாற்று. நோட்டில் எழுதப்படும் ஒவ்வொரு தொகையும் என்றோ ஒருநாள் நாம் திருப்பிச் செய்யவேண்டியதே. வராத மொய்யை நம்பி வட்டிக்குக் கடன் வாங்குபவன் ஒரே செலவுக்கு இருவரிடம் கடன்படுகிறான்.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். வசதி படைத்த ஒருவர் கடன் வாங்கவில்லை. யாரையும் ஏமாற்றவும் இல்லை. அவர் ஓர் இலட்சம் வெள்ளியை ஒரே நாளில் செலவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? அவருக்கு நட்டமில்லை. அவ்விருந்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் லாரி ஓட்டுநருக்கும் காவற்காரருக்கும்தான் நட்டம். அவர்களுடைய மகளும் அம்மேடையைப் பார்க்கிறாள். அவளுக்கு வரப்போகும் சம்பந்தி வீட்டாரும் பார்க்கிறார்கள். அன்று முதல் அதுவே ஊரின் அளவுகோலாகிவிடுகிறது. அதற்குக் குறைந்தால் கஞ்சன் என்ற பெயர். அதை எட்ட முயன்றால் கடன்காரன் என்ற பெயர். அரசாங்கம் வருமான வரி விதிக்கும்போது வருவாய்க்குத் தக்கபடி விதித்து ஏழைக்கு விலக்கும் அளிக்கிறது. செல்வர் தம் ஆடம்பரத்தால் ஊர்மீது விதிக்கும் இவ்வரிக்கு விலக்கே இல்லை.

பிறருடைய மடமைக்குச் செல்வர் எவ்வாறு பொறுப்பாவார் என்று கேட்கலாம். முழுப் பொறுப்பாளர் ஆகார் என்பது மெய்யே. எனினும், ஒற்றையடிப் பாதையில் முன்னே செல்கிறவன், பின்னே வருகிறவர்கள் தன் காலடியில் கால் வைத்து வருவதை அறிவான். அறிந்தும் சேற்றில் இறங்கி நடப்பானாயின், தனக்கு முழங்கால்வரை பாதரட்சை உண்டு என்று சொல்வது போதிய சமாதானம் ஆகாது. ஏழைக்குச் சிக்கனம் தேவை. செல்வருக்கோ அது கடமை. சிக்கனமாக மணம் நடத்தினால் ஏழையை ஊர் இகழக்கூடும். செல்வரை இகழாது, பின்பற்றும். ஆகையால் வழக்கத்தை மாற்றும் வல்லமை அவரிடமே மிகுதியாக உள்ளது.

செலவழிக்கும் ஆசை உள்ளவர்க்கு வழி இல்லாமற் போகவில்லை. சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் 1965-ல் திறக்கப்பட்ட கல்யாண மண்டபம், வணிகர் கோவிந்தசாமிப் பிள்ளை அவர்களின் கொடையால் எழுந்தது. ஒரு வீட்டுக் கலியாணத்தில் கொட்டும் பொருள் ஓரிரவில் வாடுகிறது. பலர் கலியாணத்துக்கு இடமாகும் பொருள் கொடுத்தவர் மறைந்த பின்னும் நிற்கிறது.

சீர்திருத்தம் என்பது நமக்குப் புதிதன்று. 1929-ன் இறுதியில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார், 1932-ல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. எளிய திருமணம் என்னும் கொள்கை அக்காலந்தொட்டு இந்நாட்டில் பேசப்பட்டு வருகிறது. சடங்கின் பேரால் நடந்த செலவைச் சிலர் குறைத்தார்கள். நாகரிகத்தின் பேரால் அச்செலவு வேறு வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது. புரோகிதரை நீக்கிவிட்டு ஐந்து நட்சத்திர ஹோட்டலை வைத்துக்கொள்வதைச் சீர்திருத்தம் என்று எவ்வாறு கூறுவது? திருவள்ளுவர் 'வலியறிதல்' என்னும் அதிகாரத்திலே, படைவலியோடு பொருள்வலியையும் சேர்த்து எண்ணினார். பிறர்க்கு உதவும் ஒப்புரவுக்கும் கைப்பொருளின் அளவு வேண்டும் என்றார். ஒப்புரவுக்கே அளவு வேண்டுமெனில், வீண் பெருமைக்கு வேண்டாமா?

ஆயின் செய்யத்தக்கது யாது? கலியாணம் பேசும்போதே இரு வீட்டாரும் மணமக்களும் ஒன்றாக அமர்ந்து, கடனில்லாமல் கையில் உள்ள தொகை இவ்வளவு என்று முதலில் எழுதிவிடுதல் வேண்டும். அதற்கேற்ப விருந்தினர் தொகையை முடிவு செய்தல் வேண்டும். ஓர் இலைக்கு 20 வெள்ளி என்று கொண்டால், 600 பேருக்கு 12,000 வெள்ளி. 250 பேருக்கு 5,000 வெள்ளி. அழைப்புப் பட்டியலைச் சுருக்குவதில் கிடைக்கும் மிச்சம், பூவிலும் பந்தலிலும் பேரம் பேசிக் கிடைப்பதில்லை. காலை மணம், பகல் விருந்து என்று ஒரே வேளையில் முடித்துக்கொள்ளலாம். பணிநாளில் மண்டப வாடகை குறைவாக உள்ள இடங்களில் அந்நாளையே குறிக்கலாம். நகையை இரவலாக அணிவது இழிவன்று. அடகுச் சீட்டோடு அணிவதே இழிவு. உணவில் மட்டும் குறை வைக்கலாகாது. பசித்து வந்தவரை உபசரிப்பது நம் பண்பு. அதைக் குறைத்து மேடையை அலங்கரிப்பதே உண்மையான கஞ்சத்தனம். செலவை இரு வீட்டாரும் பகிர்ந்துகொள்வார்களாக. செலவுக்கு யார் கடன் கட்டப்போகிறாரோ அவர் சொல்லே இறுதியாக நிற்பதாக.

இவ்வளவும் செய்தபின் ஊர் ஏதேனும் சொல்லத்தான் செய்யும். ஆனால் ஊர் என்பது யார்? நீங்களும் நாமுமே. அடுத்த முறை ஓர் எளிய கலியாணத்துக்குச் சென்று உண்டு திரும்பும்போது, "சாப்பாடு நன்றாக இருந்தது, பிள்ளைகள் நன்றாக வாழட்டும்" என்று மட்டும் சொல்லி வருவோமாக. மேடையின் அகலத்தையும் மணப்பெண் கழுத்தின் பவுனையும் அளக்காமல் இருப்போமாக. ஓர் ஏழைத் தகப்பன் கடனின்றிப் பெண்ணைக் கரையேற்ற நாம் செய்யக்கூடிய முதலுதவி அதுவே. அதற்கு ஒரு காசும் செலவில்லை.