பித்தளை வளையம்

அக்கா மகன் துபாயில் வேலை பார்க்கிறான். லீவுக்கு எகிப்து போய்க் கடலுக்குள் முக்குளித்துவிட்டு வந்தவன், எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தான். பித்தளை வளையம். உள்ளங்கை அகலம், பச்சைக் களிம்பு ஏறியது.

"முப்பது மீட்டர் ஆழம் மாமா. சண்டைல முழுகுன கப்பல். லாரி, பைக், பூட்ஸ் எல்லாம் அப்படியே கிடக்குது!"

சந்தோஷமாக வாங்கி மேஜையில் பேப்பர் வெயிட்டாக வைத்துக்கொண்டேன். அப்புறம்தான் வினை. சும்மா இருக்காமல் அந்தக் கப்பலைப் பற்றிப் படித்தேன்.

பெயர் திஸில்கார்ம். 1940-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் கட்டிய சரக்குக் கப்பல். மறு வருடம் ஜூனில் கிளாஸ்கோவில் கிளம்பி, ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு, எகிப்தில் இருந்த பிரிட்டிஷ் படைக்குச் சாமான் கொண்டு போனது. சூயஸ் கால்வாய்க்குள் நுழைய முறை வரவில்லை. செங்கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தபோது, அக்டோபர் 6-ம் தேதி நள்ளிரவு தாண்டி ஜெர்மன் விமானம் குண்டு வீசியது. உள்ளே இருந்த வெடிமருந்தில் தீ பற்ற, கப்பல் பிளந்து மூழ்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

ஆங்கஸ் மெக்லே என்ற மாலுமி தப்பிக்கும் நேரத்தில், அடிபட்டுக் கிடந்த பீரங்கிக்காரர் ஒருவரைப் பார்த்தார். திரும்பி நெருப்புக்குள் ஓடித் தூக்கி வந்தார். காலில் செருப்புக்கூட இல்லை. கப்பல் நிறைய பூட்ஸ்! பிறகு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள்.

1950-களில் பிரெஞ்சுக்காரர் கூஸ்தோ இந்தக் கப்பலைக் கண்டுபிடித்து, ஒரு மோட்டார் சைக்கிளையும் கப்பலின் மணியையும் மேலே எடுத்தார். பிறகு நீண்ட மறதி. 1990-களில் முக்குளிப்பவர்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். படகுகளைக் கப்பலிலேயே கயிறு போட்டுக் கட்டியதில் அதன் பாகங்கள் பிய்ந்தன. கைக்கு அடக்கமானதெல்லாம் பைக்குள் போனது. என் பேப்பர் வெயிட் உட்பட.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மட்டக்களப்புக்கு எதிரே கடலடியில் ஹெர்மிஸ் என்ற போர்க்கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9-ல் ஜப்பானியர் மூழ்கடித்தது. இறந்தவர்கள் 307 பேர். அங்கேயும் முக்குளிக்கிறார்கள்.

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப்போரில் செத்தவர்களுக்கு. அதில் ஒரு சின்னத் துண்டைப் பெயர்த்து யாராவது ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போனால் ஊர் சும்மா விடுமா? தண்ணீருக்கு அடியில் என்றால் மட்டும் அது எப்படி சாகசமாகிறது?

போனில் கேட்டேவிட்டேன். "நாங்க போகலைன்னா அந்தக் கப்பலை யாருக்கு மாமா ஞாபகம் இருக்கும்?" என்றான். "எத்தனை பேர் செத்தாங்க, தெரியுமா?" என்றேன். தெரியவில்லை. ஆனால் எனக்கும் மடக்கின திருப்தி வரவில்லை. அந்த ஒன்பது பேரை நான் தெரிந்துகொண்டதே இவன் எடுத்து வந்த வளையத்தால்தானே? திருட்டுப் பொருள் கைக்கு வராமல் இருந்திருந்தால் மெக்லேயின் வெறுங்கால் எனக்கு ஏது?

மாசி மகத்தன்று வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வைத்திக்குப்பம் போனேன். மயிலம் முருகனிலிருந்து சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கிற நாள். ஒரு பக்கம் மேளம், ஐஸ் வண்டி, பலூன். இன்னொரு பக்கம் ஈர வேட்டியோடு எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்கள். திருவிழாவும் திதியும் ஒரே கரையில். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொள்ளவில்லை.

கொஞ்சம் தள்ளிப் படகோரம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கப்பல் முழுவுன எடத்துல மீனு கட்டும் தம்பி. வலை வுட்டா கிழிஞ்சிடும், தூண்டில்தான் போடுவோம். செத்தவன் எடம்னு பாத்தா அப்புறம் நாங்க எங்க போறது? எங்க ஆளுங்களும்தான் உள்ள கெடக்கறாங்க."

வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத இங்க போடப் போறியா?"

"ஆமாம்."

"எந்தக் கடல்ல எடுத்தது?"

"செங்கடல்."

"அப்ப இங்க எதுக்குப் போடற?" என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுபடி மேஜையில்தான் இருக்கிறது. பேப்பர் மேல் மட்டும் வைப்பதில்லை.