எல்லை கடந்த கொலையும் எல்லை காக்கும் நீதியும்

ஒருவன் ஒரு நாட்டில் கொலை செய்துவிட்டு வேறொரு நாட்டிற்குள் புகுந்துகொண்டால் அவனை என் செய்வது? அந்நாட்டரசு அவனைத் தர மறுத்தால், அன்றித் தர இயலாதிருந்தால், ஆட்களை அனுப்பி அங்கேயே அவனை முடித்துவிடுவது தருமமாகுமா? சாந்தன்பாறையில் ஏலத் தோட்டங்களில் உழைக்கும் உபாசக அன்பர்கள் சிலர், பௌர்ணமிச் சொற்பொழிவின் முடிவில் நம்மிடம் விடுத்த வினா இது. பயங்கரவாதம் என்னும் சொல் நாள்தோறும் காதில் விழும் இக்காலத்தில் இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடுதல் கூடாது. ஆதலின் அன்று சுருங்கக் கூறியதை இங்கே சற்று விரித்து ஆராய்வோம்.

எல்லை என்பது யாது என்பதைச் சாந்தன்பாறை அன்பர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. பூப்பாறை வழியாகப் போடிமெட்டை அடைந்தால் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. இன்று மலைமேல் குற்றம் செய்தவன் கீழே போடிநாயக்கனூருக்கு இறங்கிவிட்டால் தப்பிவிடுவதில்லை. இரு மாநிலங்களுக்கும் குற்றச் சட்டம் ஒன்றே. ஒரு நீதிமன்றத்தின் பிடியாணை இந்தியா முழுதும் செல்லும். 1947-க்கு முன் நிலைமை வேறு. மேற்கே திருவாங்கூர் சமஸ்தானம். கிழக்கே ஆங்கிலேயரின் சென்னை மாகாணம். ஓர் அரசு மற்றோர் அரசைக் கேட்டே ஆளைப் பெறவேண்டியிருந்தது. மலையும் அதுவே, மக்களும் அவர்களே. நீதியின் கை மட்டும் அன்று குட்டையாயிருந்தது. இரு பக்கத்தாரும் ஒரே சட்டத்திற்குக் கட்டுப்பட்ட பின்னரே அது நீண்டது. உலக நாடுகளுக்கிடையே அத்தகைய பொதுச் சட்டம் இன்னும் முழுமை பெறவில்லை. இடர் அங்கேதான் தொடங்குகிறது.

இவ்வினா புதியதன்று. நமது மணிமேகலைக் காப்பியத்திலேயே இது எழுந்துள்ளது. சோழ இளவரசனாகிய உதயகுமரனைக் காவிரிப்பூம்பட்டினத்தில் வெட்டி வீழ்த்தியவன் காஞ்சனன் என்னும் விஞ்சையன், அயல் நாட்டான். காயசண்டிகையின் வடிவு கொண்டிருந்த மணிமேகலையைத் தன் மனைவியென்றே மயங்கி, அவளை நாடி வந்த இளவரசனைக் கொன்றுவிட்டு, வான்வழியே அகன்றான். செய்தி கேட்ட சோழ மன்னன் மகனுக்காகப் பரிந்து பேசவில்லை. அவன் தண்டனைக்கு உரியவனே என ஒப்பினான். ஆயினும் தான் செய்ய வேண்டியதை அயலான் செய்தமையால் அவ்விஞ்சையன் தகுதியற்றதைச் செய்தான் என்றான். தண்டிக்கத்தக்கவனாயினும் அவனைத் தண்டிக்கும் உரிமை எல்லார்க்கும் இல்லை என்பது இதன் பொருள். பின்னர் அம்மன்னன் மணிமேகலையைக் காவலில் வைக்குமாறு பணித்தான். காரணம் எதுவாயினும், கொன்றவன் கைக்கு எட்டாமற் போனான். கொல்லாதவள் கைக்கு எட்டியமையால் சிறைப்பட்டாள். எல்லை கடந்த கொலையைப் பற்றி நாம் அறியவேண்டிய இரண்டும் இக்கதையில் அடங்கியுள்ளன. இனி நம் காலத்து நிகழ்ச்சிகளில் இவற்றை வைத்துப் பார்ப்போம்.

1983-க்குப் பின்னர் இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுக்கள் பல இந்திய மண்ணில் புகலும் பயிற்சியும் பெற்றிருந்தன. 1984 ஆகஸ்டு 2-ஆம் நாள் இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஒரு குண்டு வெடித்தது. அது கொழும்பில் வெடிப்பதற்கென அனுப்பப்பட இருந்தது. 30 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையர் பலர் அவர்களுள் அடங்குவர். அயலான் வீட்டுக்கென மூட்டிய தீ நம் வீட்டுத் திண்ணையிலேயே பற்றிக்கொண்டது. அன்று கண் திறவாதோர் 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் கண் திறந்தனர். அங்கே முன்னாள் பிரதம மந்திரி ராஜீவ் காந்தியும், காவலர்களும் பொதுமக்களுமாகப் பலரும் ஒரு தற்கொலைக் குண்டுக்கு இரையாயினர்.

இந்தியா அவ்வியக்கத்தை 1992-இல் தடை செய்தது. 1995-இல் அதன் தலைவர் பிரபாகரனை ஒப்படைக்குமாறு இலங்கை அரசை முறைப்படி கேட்டது. கேட்டதால் யாது பயன்? அவர் இருந்த நிலப்பகுதி அப்போது இலங்கை அரசின் கையிலேயே இல்லை. தன்னிடம் இல்லாதவனை ஓர் அரசு எங்ஙனம் ஒப்படைக்கும்? 2009 மே மாதம் போர் முடிவில் அவர் மாண்டார். எந்த நீதிமன்றத்தின் முன்பும் அவர் நிற்கவில்லை. சட்டத்தின் இயலாமை இங்கே தெளிவாகத் தெரிகிறது. இதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆயின் நாடுகள் வாளாவிருந்தனவோ எனின், இல்லை. பயங்கரவாதி யார் என்பதில் அவை ஒன்றுபடவில்லை. ஒருவர்க்குப் பயங்கரவாதியாகத் தோன்றுபவன் மற்றொருவர்க்கு விடுதலை வீரனாகத் தோன்றுகிறான். அரசுகளே செய்யும் கொடுமையை எப்பெயரால் அழைப்பது என்பதிலும் வழக்கு உண்டு. 1996-இல் இந்தியா ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைத்த முழு உடன்படிக்கை இவ்வழக்கிலேயே சிக்கி இன்றளவும் நிறைவேறாதிருக்கிறது. எனவே நாடுகள் வேறொரு வழியை மேற்கொண்டன. ஆளை விடுத்துச் செயலைப் பற்றின. விமானத்தைக் கடத்துதல் பற்றி 1970-இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை. பணயமாக ஆட்களைப் பிடித்தல் பற்றி 1979-இல் ஒன்று. பொது இடங்களில் குண்டு வைத்தல் பற்றி 1997-இல் ஒன்று. இவற்றிற்குப் பணம் திரட்டுதல் பற்றி 1999-இல் ஒன்று. தென்னாசிய நாடுகளும் 1987 நவம்பரில் காத்மாண்டுவில் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இவற்றின் உள்ளுறை ஒன்றே: இச்செயலைச் செய்தவன் உன் நாட்டில் அகப்பட்டால், கேட்கும் நாட்டிற்கு அவனை ஒப்படை, ஒப்படைக்காவிடில் நீயே விசாரி, இரண்டும் செய்யாமல் விட்டுவிடாதே.

அன்பர்களே, இது நமக்குப் பழகிய நெறியன்றோ? பிறப்பால் ஒருவன் உயர்ந்தோனும் அல்லன், இழிந்தோனும் அல்லன். செயலாலேயே ஆகின்றான் என்பதைக் கேட்டு நாம் இந்த அறத்திற்கு வந்தவர்கள். சர்வதேசச் சட்டமும் தட்டுத்தடுமாறி இவ்விடத்திற்கே வந்து சேர்ந்துள்ளது. அவனுடைய நாடு எது, மொழி எது, கொடி எது என்று கேளாமல், அவன் கை செய்தது யாது என்று கேட்கும்போதுதான் அது உறுதியாக நிற்கிறது. அதை மறந்த இடங்களில் தடுமாறுகிறது. 2001 செப்டம்பர் 11-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின், அம்மாதம் 28-ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1373-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பயங்கரவாதிக்குப் பணமும் புகலும் தராதீர் என எல்லா நாடுகளுக்கும் கட்டளையிட்டது, நன்று. ஆனால் பயங்கரவாதம் இன்னதென அது வரையறுக்கவில்லை. ஆதலின் தத்தம் விருப்பப்படி அச்சொல்லுக்குப் பொருள் கொள்ள அரசுகளுக்கு இடமுண்டாயிற்று.

செயலை விட்டுப் பிறப்பைப் பற்றினால் விளைவது யாது? நாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில் ஒருநாள் நூற்கண்டுகள் காணாமற் போயின. மறுநாள் முதல் வாயிற்காவலர் எல்லாரையும் சோதிக்கவில்லை. நம் தெருவிலிருந்து வருவோரை மட்டும் வரிசையில் நிறுத்திச் சோதித்தனர். எடுத்தவன் யார் என்பது கடைசி வரையில் வெளிப்படவில்லை. ஆனால் எங்கள் தெரு முழுதும் திருடர் தெரு ஆயிற்று. கைக்கு எட்டியவர்மேல் பழியைப் போட்டபின் எட்டாதவனைத் தேட யாருக்கு மனம் வரும்? சாந்தன்பாறை அன்பர்களும் இதை வேறு உருவில் கண்டுள்ளனர். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்று வழக்கு முற்றியபோது, இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் அஞ்சித் தேனிப் பக்கம் இறங்கினர். தமிழ்நாட்டிலோ மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அணையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர்களே இரு பக்கமும் அடிபட்டனர்.

ராஜீவ் கொலைக்குப் பின்னரும் அவ்வாறே ஆயிற்று. உயிருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்து மண்டபத்திலும் பிற முகாம்களிலும் தங்கியிருந்த அகதிகள் ஒரே நாளில் ஐயத்திற்குரியவராயினர். எவரிடமிருந்து தப்பி வந்தனரோ அவரோடு சேர்த்தே சிலர் எண்ணப்பட்டனர். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை இதில் ஒரு வரம்பு கட்டியுள்ளது. கொடுங்குற்றம் செய்தவனுக்கு அது காப்பளிப்பதில்லை. ஆனால் அவன் பொருட்டு அவன் இனத்தார்க்குக் காப்பை மறுப்பதுமில்லை. அவ்வுடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. ஆதலால் அவ்வகதிகளின் நிலை சட்டத்தின் உறுதியை அன்றி அரசின் கருணையையே சார்ந்து நின்றது.

அவ்வழக்கின் வரலாற்றையும் நோக்குக. 1998 ஜனவரியில் சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 19 பேரைக் கொலைக் குற்றத்தினின்று விடுவித்தது. கோபத்தின் சொற்படி முன்னரே தூக்கிலிட்டிருந்தால் அப் 19 உயிர்களை யார் மீட்டிருப்பர்? எஞ்சிய எழுவரும் 2022-இல் விடுதலையாயினர். அவர்களுள் இலங்கையர் நால்வர் திருச்சிச் சிறப்பு முகாமில் வைக்கப்பட்டனர். ஒருவர் 2024 பிப்ரவரியில் இறந்தார். மூவர் அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை சேர்ந்தனர். சிறைக் கதவு திறந்த பின்னும் எல்லைக் கதவு திறக்க நாளாயிற்று.

தமிழராகவும் பௌத்தராகவும் நிற்கும் நமக்கு இவ்விஷயம் இருபுறமும் சுடுவது. 1983 ஜூலையில் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர் வீடுகள் கொளுத்தப்பட்டன. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். பகவானை வணங்குவோர் பெரும்பான்மையாயுள்ள நாட்டில் அது நடந்தது. 1985 மே 14-ஆம் நாள் அநுராதபுரத்தில், ஸ்ரீ மகா போதி நிழலில் வழிபட்டிருந்தோர் உட்பட 146 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டோர் தமிழர். முன்னதைக் கூறும்போது பௌத்தர் என வாய் மூடுதலும், பின்னதைக் கூறும்போது தமிழர் என வாய் மூடுதலும் நமக்கு அடாது. இரண்டையும் கொலையென்றே சொல்லும் துணிவு வேண்டும். அதே வேளையில் முன்னதற்காகச் சிங்களர் அனைவரையும், பின்னதற்காகத் தமிழர் அனைவரையும் குற்றவாளியாக்குதலும் ஆகாது.

இனி முதல் வினாவிற்கு வருவோம். சட்டம் எட்டாத இடத்தில் ஆட்களை அனுப்பிக் கொல்லலாமா? ஆகாது என்பதே நம் துணிபு. ஸ்ரீபெரும்புதூரில் குண்டைக் கட்டிவந்தோரும் தம் மனத்தில் ஒரு தண்டனையையே நிறைவேற்ற வந்தனர். இந்திய அமைதிப் படையின் செயல்களுக்குப் பழி தீர்ப்பதாக எண்ணினர். அவர்களே வாதி, அவர்களே நீதிபதி, அவர்களே கொலைஞர். நம் ஆட்கள் அங்கே சென்று கொல்வது நீதியெனின், அவர்தம் ஆட்கள் இங்கே வந்து கொல்வதை எவ்வாயால் அநீதி என்போம்? விஞ்சையனின் வாளைப் பழித்த சோழ மன்னன் இதனை அறிந்திருந்தான்.

அதுவரை குற்றவாளி சிரித்துக்கொண்டிருப்பானே என்பர். உண்மை, சில வேளை அவ்வாறு நேரும். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதல் வழக்கில் தேடப்பட்ட ஒருவரை அமெரிக்கா 2025 ஏப்ரலில்தான் இந்தியாவிடம் ஒப்படைத்தது. 16 ஆண்டுகள் சென்றன. அத்தாமதம் மாண்டோரின் குடும்பத்தார்க்குக் கொடிது. ஆயினும் அவர் வந்து நின்ற இடம் நீதிமன்றம். அங்கே அவர் சொல்லும் கேட்கப்படும், அவருக்கு எதிரான சான்றும் கேட்கப்படும்.

உடன்படிக்கை எழுதுவது அரசுகளின் வேலை. நம் கைக்கு எட்டுவன இரண்டு. நம் மொழியான், நம் மதத்தான் என்பதற்காகக் கொலைஞனுக்குச் சோறும் காசும் புகழும் தாராதிருத்தல் ஒன்று. கொலைஞனின் மொழி பேசுகிறான் என்பதற்காக அடுத்த லயத்தில் இருப்பவனை ஐயுறாதிருத்தல் மற்றொன்று. முன்னது இல்லையேல் சட்டத்திற்குக் கை இல்லை. பின்னது இல்லையேல் அதற்குக் கண் இல்லை. போடிமெட்டில் நாள்தோறும் எல்லையைக் கடந்து கூலிக்குச் செல்லும் அன்பர்கள் இவ்விரண்டையும் தம் வரிசை வீடுகளிலேயே தொடங்கலாம்.