மௌனம் யாருடைய சம்மதம்?

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கல்லூரி மாணவர்கள் கூடி, நேட்டோ நாடுகளின் தூதர்களாக வாதாடும் மாதிரி மாநாடு நடப்பதுண்டு. ஒருவர் துருக்கிக்காகப் பேசுவார், இன்னொருவர் எஸ்தோனியாவுக்காக. தனக்கு உடன்பாடில்லாத நிலையையும் தன் நிலையாகவே முன்வைக்க வேண்டும். பிறருக்காகப் பேசுகிறவருக்கு, பேசியதில் அறப்பொறுப்பு உண்டா? உண்டு என்பதற்கு நேட்டோவின் வரலாறே சான்று.

1949இல் 12 நாடுகள் சேர்ந்தபோது ஒப்பந்தத்தின் உயிர்நாடி ஐந்தாம் பிரிவுதான்: ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல். அந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, அமெரிக்கா மீதான 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகுதான், கையிலெடுக்கப்பட்டது. அதற்கு முன்பே 1999இல், உறுப்பு நாடு எதுவும் தாக்கப்படாமலும் ஐ.நா. பாதுகாப்பு அவையின் அனுமதி இல்லாமலும், யூகோஸ்லாவியா மீது 78 நாள் குண்டு வீசப்பட்டது. 2011இல், இம்முறை ஐ.நா. அனுமதியோடு, லிபியா. தற்காப்பு அணி தலையிடும் அணியானது. உக்ரைன் போர் தொடங்கிய பின் அது மீண்டும் தற்காப்பை முதன்மையாக்கியது. இன்று உறுப்பினர்கள் 32.

இத்தனை மாற்றமும் வாக்கெடுப்பே இல்லாமல் நடந்தது. நேட்டோவில் எல்லாம் கருத்தொருமிப்புதான். பல வேளைகளில் வரைவு சுற்றுக்கு விடப்படும். குறித்த நேரத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அது நிறைவேறியதாகும். 1999இல் கிரேக்க மக்களில் பெரும்பாலோர் குண்டுவீச்சை எதிர்த்தார்கள். அவர்களது அரசு தாக்குதலுக்கு விமானம் அனுப்பவில்லை, முடிவைத் தடுக்கவுமில்லை. லிபியா விஷயத்தில் ஜெர்மனியும் அப்படியே ஒதுங்கி நின்றது. தடுக்கும் அதிகாரம் கையில் இருக்கையில் வாய்மூடி இருப்பதும் ஒரு செயல். அதன் விளைவில் பங்கில்லை என்று கைகழுவ முடியாது.

சிறிய நாடு தனித்து நின்றால் அணி உடையும், அதனால் பெருந்தீங்கு வரும் என்பார்கள். இருக்கலாம். அது சம்மதிப்பதற்கான காரணமே தவிர, சம்மதிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்கான காரணம் அல்ல. தூதர் அரசின் கட்டளைப்படி பேசுபவர்தானே என்பதும் பாதி உண்மை. பதவி அவர் சொல்லை வரையறுக்கிறது, மனசாட்சியை விலைக்கு வாங்கிவிடுவதில்லை. இன்னும் கனமான ஆட்சேபம் வேறு: உயிர்ச்சேதத்தை வாசகத் திருத்தமாகப் பார்க்கும் பழக்கத்தை மாதிரி மாநாடு என்னும் இந்த விளையாட்டு இளம் வயதிலேயே ஊட்டிவிடாதா? அந்த ஆபத்து மெய்தான். அதற்காக மாநாட்டையே கைவிட வேண்டியதில்லை. வேடம் கலைந்த பின், ஒவ்வொரு மாணவரும் தாம் அனுமதித்த தீர்மானத்தைத் தம் சொந்தப் பெயரில் ஏற்பாரா, ஏற்றால் ஏன் என்று எழுதித் தர வேண்டும். அதையும் பாடத்தின் பகுதியாக்குவது ஆசிரியர்களின் கடமை.