தர்ம ஸ்தாபனமும் பந்தாட்டக் குருவும்

ஒரு கலாசாலையில் தத்துவம் கற்பிக்கிறவருக்கு அதிகச் சம்பளம் தருவதா, பந்தாட்டம் கற்பிக்கிறவருக்கா? கேட்ட மாத்திரத்தில் பேனா பிடிக்கிறவன் எவனும் தத்துவக்காரர் பக்கம்தான் சாய்வான். நானும் அப்படித்தான் சாய்ந்தேன். அப்படிச் சாய்ந்ததில் நியாயம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று.

அமெரிக்காவில் இது கற்பனைக் கேள்வி அல்ல. அங்குள்ள பெரிய தனியார் சர்வகலாசாலைகள் லாப நோக்கமற்ற தர்ம ஸ்தாபனங்கள். வருமான வரி அநேகமாகக் கிடையாது. நன்கொடை கொடுக்கிறவர்களுக்கும் வரிச் சலுகை உண்டு. அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் சர்க்காருக்கு ஒரு கணக்குக் கொடுக்கவேண்டும். அதிகச் சம்பளம் வாங்குகிறவர்களின் பெயரும் தொகையும் அதில் இருக்கும். யார் கேட்டாலும் காட்டவேண்டும். டியூக் சர்வகலாசாலையின் 2011ஆம் வருஷத்துக் கணக்கில், தலைவரையும் பேராசிரியர்களையும் வெகு தூரம் பின்னால் விட்டு நின்றவர் கூடைப்பந்துப் பயிற்சியாளர் மைக் ஷிஷெவ்ஸ்கி. 90 லட்சம் டாலருக்கு மேல்.

காலம் கெட்டுப்போய்விட்டது என்று பெருமூச்சு விடுவதற்கும் இடமில்லை. 1905ல் ஹார்வர்டு சர்வகலாசாலை தன் கால்பந்துக் கோஷ்டியைப் பழக்க பில் ரீட் என்ற 26 வயது இளைஞரை அமர்த்திற்று. பழைய மாணவர்கள் போட்ட பணத்தையும் சேர்த்து அவருக்கு 7,000 டாலர். நரைத்த தலையுள்ள எந்தப் பேராசிரியருக்கும் அங்கே அவ்வளவு கிடையாது. ஆக, வியாதி நூறு வயது தாண்டியது.

பயிற்சியாளர் பக்கத்து வாதத்தை அலட்சியம் செய்யக்கூடாது. பதினாயிரக்கணக்கானவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். டெலிவிஷன்காரர்கள் கோடிக்கணக்கில் கொட்டுகிறார்கள். அந்தப் பணம் அவரால் வருகிறது. அவருக்கு ஒரு பங்கு போனால் என்ன? கல்யாணத்தில் புரோகிதருக்குக் கிடைப்பதைவிடப் பெரிய நாகஸ்வர வித்துவானுக்குப் பல மடங்கு கொடுக்கிறோம். யாரும் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. கெட்டிக்காரனுக்குக் கிராக்கி உண்டு என்பதில் பாவம் ஒன்றும் இல்லை. என் பொறாமை இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டது.

ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தபோது மறுபடியும் உறுத்தல். தர்ம ஸ்தாபனம் "நியாயமான" சம்பளம்தான் கொடுக்கலாமாம். எது நியாயம்? அதே போன்ற வேலைக்கு மற்ற ஸ்தாபனங்கள் என்ன கொடுக்கின்றன என்று விசாரித்து, நிர்வாகக் குழு கூடி, தீர்மானத்தை எழுதி வைத்துக்கொண்டால் அது நியாயம் என்றே முதலில் கொள்ளப்படும். பக்கத்துச் சாலை உயர்த்தினால் இவர்களுக்கு நியாயம் உயர்கிறது. இவர்கள் உயர்த்தியதும் அவர்களுக்கு உயர்கிறது. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மாடி ஏறுகிறார்கள். 2017ல் ஒரு சட்டம் செய்து, 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு நூற்றுக்கு 21 வரி போட்டார்கள். அதைச் சம்பளம் வாங்குகிறவர் கட்டுவதில்லை, ஸ்தாபனம் கட்டுகிறது. தர்மத்துக்கு வந்த பணத்திலிருந்தே அபராதமும் போகிறது!

இதைவிட என்னை உறுத்தியது வேறு ஒரு கதை. 1992ல் கலாசாலைகளின் விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. செலவு தலைக்கு மேல் போகிறது என்று கண்டு சிக்கனத்தில் இறங்கிற்று. யாருடைய சம்பளத்தில்? தலைமைப் பயிற்சியாளரைத் தொடவில்லை. உதவிப் பயிற்சியாளர்களில் கடைசிப் படியில் நிற்கிறவரைப் பிடித்தார்கள். வருஷத்துக்கு 12,000 டாலர், கோடை விடுமுறை வேலைக்கு 4,000, ஆக 16,000க்கு மேல் அவருக்கு எந்தச் சாலையும் கொடுக்கக்கூடாது என்று விதி. தகுதி, அனுபவம், பிள்ளைகுட்டி எதுவும் கணக்கில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். புதிதாக வருகிற இளைஞர்களுக்கு இடம் உண்டாக்கத்தான் இந்த விதி என்று சங்கம் சொல்லிப் பார்த்தது. கோர்ட்டு ஒப்பவில்லை. எல்லா முதலாளிகளும் கூடிக் கூலி நிர்ணயம் செய்வது எங்கே நடந்தாலும் குற்றம்தான் என்றது. 1998ல் அப்பீலிலும் அதே தீர்ப்பு. 1999ல் சங்கம் 5 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாயிற்று.

மேலே இருப்பவர் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் மார்க்கெட் நிலவரம் என்கிறார்கள். கீழே இருப்பவர் கேட்டால் இது கல்வி ஸ்தாபனம், தியாகம் வேண்டும் என்கிறார்கள். ஒரே வாய்தான், இரண்டு பேச்சு. களத்தில் முழங்கால் உடைகிற மாணவனுக்கு இதே இரண்டாவது பேச்சைத்தான் வெகு காலம் சொன்னார்கள். படிப்புச் செலவும் சாப்பாடும் உண்டு; அதற்கு மேல் காசு வாங்கினால் ஆட்டத்தின் தூய்மை கெட்டுவிடுமாம். தூய்மையைக் காக்கிற பொறுப்பு எப்போதும் இளைத்தவன் தலையிலேயே விழுகிறது. 2021ல் சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். 2025ல் ஏற்பட்ட ராஜியின்படி ஒரு சாலை தன் ஆட்டக்காரர்களுக்கு முதல் வருஷத்தில் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்து கொடுக்கலாம் என்று ஆயிற்று. கொடுத்த பிறகு ஆட்டம் நின்றுவிடவில்லை.

வேலை செய்யாததற்குக் கொடுக்கும் பணமும் உண்டு. நாத்ரதாம் என்ற கத்தோலிக்க சர்வகலாசாலை 2009ல் சார்லி வைஸ் என்ற கால்பந்துப் பயிற்சியாளரை விலக்கிற்று. ஒப்பந்தம் பாக்கி இருந்ததால் பிறகு பல வருஷங்களில் மொத்தம் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்தது. ஒப்பந்தத்தை மதித்தது நேர்மைதான். கையெழுத்துப் போட்ட அன்று அந்தப் பணம் யாருடையது என்று அந்தக் குழுவில் ஒருவராவது கேட்டாரா என்றுதான் நான் யோசிக்கிறேன்.

இந்தக் கதைக்கு ஒரு தொடக்கம் தேடினால் சிகாகோ சர்வகலாசாலையில் போய் நிற்கவேண்டும். 1892ல் அமோஸ் அலான்ஸோ ஸ்டாக் என்ற பயிற்சியாளரை அங்கே ஆசிரியர் வரிசையிலேயே சேர்த்து, 2,500 டாலர் சம்பளமும் நிரந்தரப் பதவியும் கொடுத்தார்கள். பந்தாட்டக்காரனும் உபாத்தியாயர்தான் என்று ஒப்புக்கொண்ட காரியம் அது. எனக்கு அது பிடித்திருக்கிறது. நாற்பது வருஷம் இருந்தார். 70 வயதில் ஓய்வு என்று விதி வந்தபோது, பயிற்சி கொடுக்காமல் வேறு பதவியில் இருக்கலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு, கலிபோர்னியாவில் ஒரு சின்னக் கலாசாலைக்குப் பையன்களைப் பழக்கப் போய்விட்டார். 1965 வரை, 102 வயது வாழ்ந்தார்.

அவர் போன ஏழாவது வருஷம், 1939ல், சிகாகோ தலைவர் ஹட்சின்ஸ் பெரிய பந்தயக் கால்பந்தை அடியோடு எடுத்துவிட்டார். சும்மா கிடந்த மைதானத்தின் பார்வையாளர் மண்டபத்துக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2ந் தேதி உலகத்தின் முதல் அணு உலையை ஓட்டிப் பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் ஒரு பெரிய புத்தகசாலை இருக்கிறது. கால்பந்தும் 1969ல் திரும்பி வந்துவிட்டது. ஆடுவதற்காக அங்கே யாருக்கும் உபகாரச் சம்பளம் கிடையாது. ஆனாலும் பையன்கள் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.