கூடாரத்திலிருந்து சொல்லப்பட்ட சுவிசேஷம்

கிறிஸ்துவின் சிலுவை மரணத்தாலும் உயிர்த்தெழுதலாலும் மனிதருக்கு மீட்பு உண்டாயிற்று என்னும் செய்தியைப் புரொட்டஸ்டன்ட் சபையார் சுவிசேஷம் என்றும் கத்தோலிக்கர் நற்செய்தி என்றும் வழங்குகின்றனர். அதை எல்லோருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது கிறிஸ்தவ மறையின் அடிப்படைக் கட்டளை. அறிவிப்பவரின் வாழ்வு செய்திக்கு ஒவ்வாதபோதும் அந்த அறிவிப்பு நேர்மையானதா, கேட்பவருக்கு அவர் பட்டுள்ள கடன் என்ன என்னும் கேள்விகளுக்கு ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரத்தின் வரலாறு நல்ல உரைகல்லாகும்.

இவ்வட்டாரம் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் வடபகுதி. தெற்கே நாசரேத்து, மெஞ்ஞானபுரம் போன்ற ஊர்களில் சபைகள் வேரூன்றிவிட்ட காலத்திலும் இங்கே கிறிஸ்தவர்கள் மிகச் சிலரே இருந்தனர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து விளங்கியவரும், சர்ச் மிஷன் சங்கத்தின் சென்னைச் செயலாளராக இருந்தவருமான தாமஸ் கஜெட்டன் ராக்லாந்து, அப்பதவியை விட்டு 1854-இல் டேவிட் ஃபென், மெடோஸ் ஆகிய இருவருடன் இப்பகுதியில் பயண ஊழியத்தைத் தொடங்கினார். ஓரிடத்தில் நிலையாகத் தங்காமல், பெரும்பாலும் கூடாரங்களில் இருந்துகொண்டு ஊர் ஊராகச் சென்று அறிவிப்பதே பயண ஊழியம். தெற்கத்திச் சபைகள் தம் செலவில் உபதேசியார்களை, அதாவது போதகருக்குத் துணையாகக் கற்பிக்கும் உள்ளூர் ஊழியர்களை, முறைவைத்து அனுப்பி உதவின. 1858 அக்டோபர் 22 அன்று ராக்லாந்து சிவகாசியில் இறந்தபோது கண்ணுக்குத் தெரிந்த பலன் சிறிதே.

வசதியான பதவியை விட்டு வெயிலிலும் நோயிலும் அலைந்த அந்தத் துறவு மதிக்கத்தக்கது. அவரைக் குறை சொல்பவர்கள்கூட அதை மறுக்க முடியாது. ஆயினும் சில நாள் தங்கிப் பெயர்ந்து செல்பவரின் சொல்லைத்தான் ஊரார் கேட்க முடியும். அவர் கூலி கொடுப்பதையும், கோபப்படுவதையும், அண்டை வீட்டாரிடம் பழகுவதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்து எடைபோட முடியாது. ஆளும் கிழக்கிந்தியக் கும்பினியாரின் நிறத்தையே கொண்ட ஒருவரது சொல்லிலிருந்து அதிகாரத்தின் நிழலைப் பிரித்தறிவதும் கேட்டவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது. இவ்வகையில், ஊரோடு ஒன்றாய் வாழ்ந்து உழைக்கும் எளிய கிறிஸ்தவக் குடும்பத்தின் பொறுப்பு கூடாரத்துப் பிரசங்கியின் பொறுப்பைவிடக் கனமானது.

கேட்பவர் வெறும் பாத்திரமாக வந்து நிற்பதில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் வாழ்ந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், மார்கழி விடியலில் திருப்பாவை கேட்டு வளர்ந்தவருக்குக் கடவுள்மேல் வைக்கும் அன்பு புதுச் செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் துண்டுப் பிரசுரங்கள் பலவும் பிறர் வழிபாட்டை இழித்துப் பேசின. அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை அயலானின் சமயத்தைப் பற்றிப் பேசும்போதும் பொருந்துமாதலால், அவ்வகைப் பேச்சு நயமின்மை மட்டுமன்று, விவிலியத்தின்படியே குற்றமாகும்.

இன்று இந்திய அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையை வழங்குகிறது. அவ்வுரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என உச்ச நீதிமன்றம் 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் வரையறுத்தது. ஆனால் சட்டம் நிற்கும் இடத்தில் அறம் நிற்பதில்லை. பசித்தவனுக்குச் சோறிடும்போதே அவன் சம்மதத்தையும் எதிர்பார்ப்பவர் சட்டத்துக்குத் தப்பினாலும், கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்து, யாருக்கும் பாரமாயிராமல் பேசிய பவுலின் முன்மாதிரிக்குத் தப்ப முடியாது.

எல்லாவற்றிலும் கடினமான சோதனை சாதி. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற தடுப்பு 1910-இல் அகற்றப்பட்டபோது, தனியிடம் கோரிய வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் மதராஸ் உயர் நீதிமன்றம்வரை வழக்காடித் தோற்றனர். கிறிஸ்துவுக்குள் அனைவரும் ஒன்று என்னும் செய்தியைக் கேட்டு வந்தவர்களே அதற்கு எதிராக நீதிமன்றம் ஏறியதை வரலாற்றின் பழங்கதையென ஒதுக்க இயலாது. தமிழகத்தில் சில இடங்களில் கிறிஸ்தவக் கல்லறைகள் இன்றும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கின்றன.

குறையற்றவரே பேசலாம் என்றால் யாரும் பேச முடியாது, செய்தி கடவுளின் கிருபையைப் பற்றியதே தவிரப் பேசுபவரின் தகுதியைப் பற்றியதன்று என்னும் மறுப்பு வலுவானது, ஏற்கத்தக்கதும்கூட. எனினும் பலவீனத்தால் தவறுவது வேறு, தவறை ஏற்பாடாக்கிக் காப்பது வேறு. முன்னதை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கலாம். பின்னதைக் காத்துக்கொண்டே மன்னிப்பைப் பிரசங்கிப்பது கேட்பவரை ஏமாற்றுவதாகும். ஆகவே ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ சுவிசேஷக் கூட்டத்துக்குப் பந்தல் போட எண்ணும் எந்தச் சபையும், தன் கணக்குப் புத்தகத்தையும், தன் உறுப்பினர் கொடுக்கும் கூலியையும், தன் கல்லறைத் தோட்டத்தையும் முதலில் ஊரார் பார்வைக்குத் திறந்து வைக்கட்டும்.